மூன்றாம் காலில் நாலு விரல்

அவருக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. சோப்பைக்கூட ஒருமுறை கழுவிவிட்டுத்தான் அதைக் கொண்டு கை கழுவுவார். அந்தச் சோப்பைக் கழுவுவதற்கென்று இன்னொரு சோப்பு வைத்திருந்தார். அதை எதைக் கொண்டு கழுவுவார் என்று அவர் மனைவியிடம் கேட்டால், "அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் ஆசையாக ஒரு வாய் ஊட்டிவிட வந்தாள். "எங்கே, நகத்தைக் காட்டு" என்றார். அதோடு சரி. இருபத்திரண்டு வருஷமாகிறது, அவள் ஊட்டவில்லை.

பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க மாட்டார். எத்தனை ஆயிரம் பேர் வியர்வையோடு பிடித்த கம்பி அது! பிடிக்காமலே நின்று நின்று, நாற்பது வயதுக்குள் கம்பி மேல் நடக்கிற வித்தைக்காரனுக்கு இணையான இடுப்பு அவருக்கு வாய்த்துவிட்டது. ஓட்டுநர் சடாரென்று பிரேக் போட்டால் பேருந்தில் இருக்கிற அத்தனை பேரும் முன்னால் விழுவார்கள், இவர் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நிற்பார்.

இப்படிப்பட்டவர் கண்ணாடிக் கடையிலோ மருந்துக் கடையிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். தலையெழுத்து, கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்க நிற்கிற இரும்பு மேடைகளைத் துரு தின்னாமல் காப்பதற்காகப் போடுகிற பூச்சு, சுற்றுகிற கட்டு இரண்டையும் சோதிக்கிற ஆய்வாளராக வந்து சேர்ந்தார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரு என்றால் அவருக்கு அவ்வளவு அருவருப்பு. பெயின்டுக்கு அடியில் துரு ஒளிந்திருந்தால், மற்ற ஆய்வாளர்கள் கருவியை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இவருக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். குமட்டல் வந்த இடத்தில் சுரண்டிப் பார்த்தால் துரு இருக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

மேடைத் தொழிலாளிகள் அவர் முகத்துக்கு நேராக 'சார்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'தொட்டாச்சிணுங்கி' என்றார்கள். இரண்டும் அவர் காதில் விழும். இரண்டாவதில் கொஞ்சம் எச்சில் தெறிக்கிறது என்பது ஒன்றுதான் அவருடைய மனக்குறை.

கடலில் இரும்பை நட்டு வைப்பது, சர்க்கரைக் கட்டியை எறும்புப் புற்றின் மேல் வைத்துவிட்டு, 'யாரும் தொடக்கூடாது' என்று எறும்புகளுக்கு உத்தரவு போடுவது மாதிரி. ஆனாலும் மனிதன் விடுவதில்லை. தண்ணீருக்கு அடியில் மேடையின் கால்களோடு துத்தநாகக் கட்டிகளைப் பிணைத்து வைப்பான். கடல் இரும்பை விட்டுவிட்டு அந்தக் கட்டியைத் தின்னும், தின்று தீர்ந்ததும் வேறு கட்டி. தண்ணீருக்கு மேலே பெயின்டு. இரண்டுக்கும் நடுவில், அலை வந்து அடித்துவிட்டுப் போகிற இரண்டு ஆள் உயரம் இருக்கிறதே, அதுதான் வம்பு பிடித்த இடம். அங்கே கட்டியும் பலிக்காது, பெயின்டும் நிற்காது. ஒரு நிமிஷம் நனையும், ஒரு நிமிஷம் காயும். உப்பும் காற்றும் முறை வைத்துக் கடிக்கும்.

அந்த இடத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. மெழுகும் கிரீஸும் ஊறிய துணிப் பட்டையை, உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவதுபோல இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் சட்டை ஒன்றை மாட்டி போல்ட் முடுக்குவார்கள். சரியாகச் சுற்றினால் இருபது வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்தப் பட்டையின் நிறம் சளிப் பிடித்தவன் கைக்குட்டை. வாடை, மழையில் நனைந்த பழைய செருப்பு. தொட்டால் ஒட்டும், ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது.

இதில் ஒரு சிக்கல். பட்டைக்கு அடியில் ஒரு குவளைத் தண்ணீர் மாட்டிக்கொண்டாலும் போதும், அத்தனை வேலையும் பாழ். அந்தத் தண்ணீரை எந்தக் கருவியும் காட்டாது. மனிதனுடைய வெறும் உள்ளங்கைதான் காட்டும். அழுத்தினால் நல்ல இடம் அசையாது. தண்ணீர் தங்கிய இடம் கொழகொழவென்று நழுவும். அதனால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். பட்டை சுற்றி முடித்த மேஸ்திரி, கடைசிச் சுற்றில் தன் உள்ளங்கையை ஓங்கி அழுத்தித் தடம் பதித்துவிட்டு மேலே போய்விட வேண்டும். போகாமல் பக்கத்தில் நின்றால் ஆய்வாளருக்குத் தாட்சண்யம் வந்துவிடும். பிறகு ஆய்வாளர் கையுறை இல்லாமல் இறங்கி, கால் முழுவதையும் உள்ளங்கையால் தடவி அழுத்திப் பார்த்து, திருப்தியானால் மேஸ்திரியின் தடத்துக்குப் பக்கத்தில் தன் தடத்தையும் பதிக்க வேண்டும். இரண்டு கைத்தடத்தையும் உள்ளே வைத்துத்தான் சட்டையை மூடுவார்கள். காகிதத்தில் போடுகிற கையெழுத்து அலுவலகத்துக்கு. இந்தக் கை கடலுக்கு.

நாலு வருஷத்துக்கு முன்பு நம் ஆய்வாளர் முதல்முறையாக ஒரு பட்டைக் கட்டைச் சோதிக்க வந்தார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் பெயின்டு வேலை, கருவியை எட்ட நின்று நீட்டினால் போதும். மேடைக்கு நாலு கால். மூன்று கால்களை வேறு ஆய்வாளர்கள் முடித்துவிட்டார்கள். மூன்றாம் கால் இவர் பங்குக்கு விழுந்தது. மேஸ்திரி கைத்தடம் பதித்துவிட்டு வழக்கப்படி மேலே டீ குடிக்கப் போய்விட்டார். இவர் தொங்கு பலகையில் தன்னந்தனியாக நின்று கையுறையைக் கழற்றினார். சுண்டுவிரல் நுனியால் பட்டையைத் தொட்டார். காலையில் சாப்பிட்டது தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

மேடையின் சமையல்காரன் அவர் மனைவியின் தம்பி. நாற்பது பேருக்கு மூன்று வேளை வடித்துக் கொட்டுகிறவன். அவனுக்கு வலது கையில் மோதிர விரல் கிடையாது. அது எப்படிப் போனது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வான். சுறா கடித்தது என்று ஒருவரிடம், கடன்காரன் வெட்டினான் என்று ஒருவரிடம், பிறக்கும்போதே அவசரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று ஒருவரிடம். உண்மையில் குளிர்பெட்டிக் கதவு நசுக்கியது. அது கதைக்கு உதவாது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"மாப்ளே, உன் கையக் கொஞ்சம் குடு."

"எதுக்கு அத்தான், ஜோசியமா?"

"ஒரு இடத்துல வெச்சு அழுத்தணும்."

"எங்க?"

"கேக்காம வா."

"அடுப்புல எண்ணெய் காயுது அத்தான்."

"ரெண்டு நிமிஷம்டா. உங்க அக்காகிட்ட சொல்லி உனக்குப் பொண்ணு பாக்கச் சொல்றேன்."

அவன் இறங்கினான். காட்டிய இடத்தில் கையை வைத்து, ரொட்டி மாவைக் குத்துகிறவனுக்கு உள்ள வலுவோடு ஒரே அழுத்து அழுத்தினான். சுற்றிவர இன்னும் பத்து இடத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏணியில் பாதி தூரம் ஏறிவிட்டான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"எங்க அக்கா பிசையற மாவு மாதிரி."

"அப்போ சரி."

தன் மனைவி பிசைகிற மாவைப் பற்றிப் பதினெட்டு வருஷ அனுபவம் உள்ளவர், அந்த மாவில் எப்போதும் தண்ணீர் தூக்கல் என்று தெரிந்தவர், அந்த இடத்திலேயே திடுக்கிட்டிருக்க வேண்டும். திடுக்கிடவில்லை. கை அழுக்காகாமல் வேலை முடிந்த நிம்மதியில், 'உள்ளங்கை வைத்துச் சோதித்தேன், நன்று' என்று காகிதத்தில் அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதிய பேனாவைத் துடைத்தார். சட்டை மூடப்பட்டது.

இப்போது நாலு வருஷம் கழித்து மேடையில் ஒரு நாற்றம் கிளம்பியிருந்தது.

அழுகிய முட்டை நாற்றம். காலையில் லேசாக ஆரம்பித்து, கடல் ஏறும்போது கூடும், இறங்கும்போது குறையும். கடலைப் பற்றி யார் நினைத்தார்கள்? முட்டை என்றால் சமையலறை. நாற்பது பேரும் சமையல்காரனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு முட்டையா, இல்ல போன மாசத்து முட்டையா?" என்று கிரேன்காரர் தட்டை முகர்ந்து பார்த்துக் கேட்டார்.

"கோழி செத்து எத்தனை நாளாச்சுன்னு கேளுங்கப்பா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவன் முந்நூறு முட்டைகளைக் கடலில் கொட்டினான். நாற்றம் போகவில்லை. குளிர்பெட்டியைக் கழுவினான், சாக்கடைக் குழாயைக் கழற்றிக் கழுவினான், ஆத்திரத்தில் கிரேன்காரரின் செருப்பைக்கூடக் கழுவினான். நாற்றம் போகவில்லை. மேடை மேலாளர் அவனைக் கூப்பிட்டு, சனிக்கிழமைப் படகில் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவன் சும்மா இருக்கவில்லை. மோப்ப நாய் மாதிரி தவழ்ந்து தவழ்ந்து நாற்றத்தின் பின்னாலேயே போய், ஒரு விளிம்பில் குனிந்து பார்த்தான். கீழே மூன்றாம் கால். பிளாஸ்டிக் சட்டையின் விளிம்பிலிருந்து கருப்பாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. சட்டையைத் திறந்து பார்க்க ஆய்வாளரை வரவழைக்கும்படி மேலாளரைக் கெஞ்சிக் கூத்தாடினான். வந்தவர் அத்தான்.

"நாத்தம் என் முட்டையில இல்ல அத்தான், உங்க கால்ல" என்றான், படகிலிருந்து ஏறியவரிடம் வணக்கத்துக்குப் பதிலாக. "தொறந்து பாத்துட்டு, எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. முட்டை இல்லன்னு. அது போதும் எனக்கு."

ஆய்வாளர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நின்றார். இந்த முறை குமட்டல் நாற்றத்தால் மட்டும் வரவில்லை. சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும்.

"மாப்ளே, உள்ள நம்ம... அந்தக் கை..."

"அது இந்நேரம் அழிஞ்சிருக்கும் அத்தான். நாலு வருஷம்! என் மொகமே எனக்கு மறந்து போச்சு, கைத்தடமா நிக்கும்?"

மேஸ்திரி அதே மேஸ்திரி. பேச்சு குறைந்த மனிதர். இரண்டு பேரும் தொங்கு பலகையில் இறங்கினார்கள். காலெல்லாம் பாறையில் ஒட்டுகிற கொட்டலசுச் சிப்பி, சொறியும் ஓடுமாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ஒவ்வொன்றும் உள்ளிருந்து ஒரு சின்ன நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கடற்பறவைகளின் எச்சம் வெள்ளை வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தது. அதன்மேல் பச்சைப் பாசி, யாரோ மூக்குச் சிந்திவிட்டுப் போனதுபோல. ஆய்வாளர் இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்தார், முகமூடி போட்டிருந்தார், முகமூடிக்கு உள்ளே இன்னொரு முகமூடி. இடுப்பில் இருந்த, விஷவாயு காட்டும் கருவி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. காற்று வருகிற பக்கமாக நகர்ந்து நின்றார்கள்.

மேஸ்திரி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசி போல்ட் கழன்றதும் சட்டை தானாகவே வாயைப் பிளந்தது.

அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. பறந்துகொண்டிருந்த ஒரு கடற்பறவை பாதி வழியில் திரும்பிப் போனது என்று மேஸ்திரி சொல்வார். நானூறு அழுகின முட்டை, அதில் ஊறின ஒரு மூட்டை அழுக்குத் துணி, அதன்மேல் செத்த எலி, இத்தனையையும் வெயிலில் வைத்துக் கிளறினால் ஏறக்குறைய வரும். பட்டைக்கு அடியில் கருப்புக் கூழ். வெறும் கருப்பும் இல்லை, பளபளக்கிற கருப்பு. காற்றே நுழையாத இடத்தில் மாட்டிக்கொண்ட கடல்தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்தி, பெருகி, கழிந்து வைத்திருந்த கூழ். அது இரும்பின் மேலிருந்து மெதுவாக நழுவி, பிளக் பிளக்கென்று அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தது.

ஆய்வாளர் முகமூடிகளைக் கீழே இழுத்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி, அன்று காலையில் சாப்பிட்டதையும், அவருடைய கணக்கில் அதற்கு முந்தின நாள் சாப்பிட்டதையும் வெளியே அனுப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது மேஸ்திரி ஓரிடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் அழுகல். நடுவில் பட்டை இரண்டு இடத்தில் மட்டும் இரும்போடு ஒட்டி, அன்றைக்கு ஒட்டியதுபோலவே இருந்தது. ஒன்று மேஸ்திரியின் கை, ஐந்து விரல். பக்கத்தில் இன்னொரு கை, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், ஒரு இடைவெளி, சுண்டுவிரல். கிரீஸ் அதை ஊறுகாய் போலக் காப்பாற்றி வைத்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

மேஸ்திரி பட்டையின் ஓரத்தைக் கத்தியால் நெம்பினார். அடியில் இரும்பு பளிச்சென்று, ஆலையிலிருந்து வந்த அன்றைய நிறத்தில், கை வடிவத்தில் சிரித்தது. நாலு விரலோடு.

மேஸ்திரி அதைப் பார்த்தார். ஆய்வாளரின் கையுறை போட்ட வலது கையைப் பார்த்தார். விரல்களை எண்ணினார். அவசரமில்லாமல் எண்ணினார்.

"இது யாரு கை சார்?"

ஆய்வாளர் கையுறைக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நாலு வெரலு இந்த மேடையில ஒருத்தனுக்குத்தான் இருக்கு" என்றார் மேஸ்திரி. கோபம் இல்லை, அதுதான் மோசமாக இருந்தது. கத்தியை மடக்கிவிட்டு, "நானும் ஒண்ணு சொல்லிடறேன் சார். அன்னிக்குக் கடைசிச் சுத்து சுத்தும்போது ஒரு பெரிய அலை வந்து அடிச்சுது. காலு நனைஞ்சுது. தொடைக்காமலே சுத்திட்டேன். அவிழ்த்து மறுபடி சுத்தணும்னா பொழுது போயிடும். சரி, எப்படியும் சார் கை வெச்சுப் பாப்பாரு, கொழகொழங்கும், அவிழுடான்னு திட்டுவாரு, அப்ப அவிழ்த்துக்கலாம்னு மேல போயி டீ குடிச்சேன். நீங்க திட்டல. சரி, நல்லாத்தான் இருக்குபோலன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் தொடவே இல்ல."

"தெரியுது சார்."

கருப்புக் கூழைவிட அருவருப்பான ஒன்றை ஆய்வாளர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். அதைக் கழுவ எந்தச் சோப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

குழியின் ஆழத்தை அளக்கிற ஊசிக் கருவியை எடுத்து வைத்தார். கூழில் அது வழுக்கிக்கொண்டு போனது. துடைத்துவிட்டு வைத்தார். குழிக்குள் குழி, அதற்குள் கூழ். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் சொல்லியது.

"கைய உட்டாத்தான் தெரியும்" என்றார் மேஸ்திரி. "நவுருங்க, நான் உடறேன்."

"வேணாம். என் கை வெக்க வேண்டிய எடம்."

மேல் கையுறையைக் கழற்றினார். உள் கையுறையைக் கழற்றினார். நாலு வருஷம் தாமதமாக, வெறும் உள்ளங்கையைக் கருப்புக் கூழுக்குள் வைத்தார். சில்லென்று, மெத்தென்று, உயிருள்ள எதையோ தொடுவதுபோல இருந்தது. விரலிடுக்கில் ஏறி, நகத்துக்கு அடியில் புகுந்து, மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் போனது. உடம்பு முழுவதும் கையை விட்டு ஓடிப்போகப் பார்த்தது. அவர் விடவில்லை. இரும்பு அப்பளமாக உதிர்ந்தது. ஆள்காட்டி விரல் ஒரு குழியில் முதல் கணு வரை இறங்கியது. இரண்டாம் கணு வரை இறங்கியது. பிறகு தடையே இல்லாமல் முழுசாக உள்ளே போய், காலுக்கு உள்பக்கத்தில் அவர் விரல் நுனியைக் கடல் தொட்டது.

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இந்தக் காலுக்கு நேர் மேலேதான் நாற்பது பேர் தூங்குகிற அறைகள். மூன்று நாளில் பெருங்காற்று வருவதாக வானிலைச் செய்தி. அது வந்தால் இந்தக் கால் நிற்குமா என்று விரல் நுழைந்தவரைக் கேட்க வேண்டியதில்லை.

மார்பில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. மேலாளர்.

"என்னங்க, தொறந்தாச்சா? என்ன நெலமை?"

ஆய்வாளர் வாக்கிடாக்கியை எடுக்கக் கை வைத்தார். வைத்த பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தார்.

"நெலமை நல்லா இல்ல சார்."

"நல்லா இல்லன்னா? இங்க பாருங்க, நாளைக்குத் தலைமை அலுவலகத்துலேருந்து வர்றாங்க. இந்த நேரத்துல காலு, கையின்னு எதையும் கெளப்பாதீங்க. மேல ரெண்டு சுத்துப் புதுப் பட்டை போட்டு மூடிடுங்க. காத்துக்காலம் முடிஞ்சதும் நிதானமாப் பாத்துக்கலாம்."

"சார்..."

"நாலு வருஷம் முன்னாடி அதுல நன்றுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே? காகிதம் என் கையில இருக்கு. அப்ப நல்லா இருந்துச்சுன்னா இப்பவும் நல்லாத்தான் இருக்கும். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல. நாத்தத்துக்குச் சமையலறைதான் காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அவன் எப்படியும் சனிக்கிழமை போறான்."

வாக்கிடாக்கி அடங்கியது. இரண்டு சுற்றுப் பட்டை. அதற்குள் கருப்புக் கூழும் போய்விடும், நாலு விரல் கையும் போய்விடும், இருபத்தைந்து வருஷப் பெயரும் அப்படியே பத்திரமாக இருக்கும். மச்சான் மட்டும் மூட்டை கட்டுவான். அன்றைக்கு அவனிடம் கையைக் கேட்டு வாங்கினார். இன்றைக்கு அவன் பிழைப்பைக் கேட்காமலே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மேஸ்திரி புதுப் பட்டைச் சுருள் ஒன்றை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார், சட்டையின் போல்ட்டுகளையும் பக்கத்தில் வைத்தார், பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேலையை விட்டு மேலே போக முடியாத நேரத்தில், தாட்சண்யம் வராமலிருக்க அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அப்போது தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். கைப்பிடிக் கம்பி முழுக்கத் தலைகள். நாற்பது பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மச்சான், வெள்ளை மேலங்கியோடு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு.

"அத்தான்! முட்டையா, காலா? இவனுங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க!"

ஆய்வாளர் தன் கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். முழங்கை வரை கருப்பு. ஈ ஒன்று வந்து அதில் உட்காரப் பார்த்து, மனம் மாறிப் போய்விட்டது.

"கால்!" என்று கத்தினார். அவர் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவருக்கே தெரியாது. பிறகு வாக்கிடாக்கியை வாயருகில் கொண்டுபோனார். ஊர் உலகத்தில் யார் தொட்டதையும் தொடாத மனிதர், கூழ் வழிகிற அந்தப் பெட்டியை உதட்டில் படும்படி வைத்துக்கொண்டு பேசினார். "மூட மாட்டேன் சார். மூணாம் கால் ஓட்டை. என் விரல் அந்தப் பக்கம் போயிடுச்சு. காத்து வர்றதுக்குள்ள ஆள எல்லாம் எறக்குங்க. அந்தக் காகிதத்துல நான் எழுதினது பொய். உள்ள இருக்கற கை என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"என் பொண்டாட்டியோட தம்பியோடது. அழுத்தச் சொன்னது நான். மேஸ்திரியும் அவனும் அழுத்தின எடம் மட்டுந்தான் சார் நல்லா இருக்கு."

அதற்குமேல் மேலாளர் பேசியது எழுதத் தக்கதல்ல. ஆனால் நாற்பது பேர் காதில் 'ஓட்டை' என்ற சொல் விழுந்துவிட்டதால், அவர் பேச்சைக் கேட்க மேலே ஆளில்லை. எல்லாரும் பை எடுக்கப் போய்விட்டார்கள்.

அன்று மாலைக்குள் படகு வந்தது. ஆய்வாளர் பத்து முறை கை கழுவியும் படகில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மனிதர்கள் தன்னை நெருங்காமலிருக்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் பாடுபட்டவருக்கு, கடைசியில் அது சுலபமாகக் கைகூடியது. அவருக்குப் பிடிக்கவில்லை. மச்சான் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மூக்கை நாலு விரலால் பிடித்துக்கொண்டு, "பொண்ணு பாக்கறேன்னு சொன்னீங்களே அத்தான், நாலு வருஷமாச்சு" என்றான்.

மூன்றாம் நாள் காற்று வந்தது. காற்று அடங்கியபின் போய்ப் பார்த்தவர்கள், மூன்றாம் கால் சுற்றிலும் அறுந்து கிடந்ததாகவும், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு இருந்த நல்ல இரும்பு மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், ஆளில்லாத அந்த மேடை அந்த ஒன்பது விரலில்தான் தொங்கிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். சொன்னவர் மேஸ்திரி. அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல, அதிகமாகப் பேசக்கூடியவரும் அல்ல. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

விசாரணையில் ஆய்வாளரின் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி எந்த இரும்பிலும் அவர் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மேஸ்திரிக்கு ஆறு மாதம் வேலை இல்லை. நனைந்த காலில் சுற்றியதைக் கேட்காமலே சொன்னதற்கு அது. மேலாளருக்குப் பதவி உயர்வு, நாற்பது பேரையும் உரிய நேரத்தில் காப்பாற்றியதற்காக. மச்சான் வேறொரு மேடையில் சமைக்கிறான். விரல் எப்படிப் போனது என்று கேட்டால், கடலில் ஒரு காலைத் தாங்கிப் பிடித்தபோது போனது என்கிறான். எல்லாரும் நம்புகிறார்கள்.

ஆய்வாளர் வீட்டில் இருக்கிறார். திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சோப்பைக் கழுவித்தான் கை கழுவுகிறார், கதவுத் தாழ்ப்பாளை முழங்கையால் திறக்கிறார். ஒரே ஒரு மாற்றம். வலது கையை அடிக்கடி மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொள்கிறார். அதில் ஒன்றும் இல்லை என்று மனைவி சத்தியம் செய்கிறாள். இவரால் அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை. கரண்டியை இடது கையில் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒருநாள் அவள் தட்டைப் பிடுங்கித் தன் கையால் ஊட்டிவிட்டாள். நகத்தைக் காட்டச் சொல்லவில்லை. வாயை மட்டும் திறந்தார்.

விடுமுறையில் வந்திருந்த தம்பி கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், அந்தக் கைய இன்னும் மோந்து பாக்கறீங்களா?"

"தினமும்."

"எப்படி இருக்கு?"

ஆய்வாளர் மென்று விழுங்கிவிட்டு, வலது கையை ஒருமுறை முகர்ந்தார். முகம் கோணியது.

"உன் சமையல் மாதிரி."